உப்புநீரின் திசையைத் திருத்தி எழுதிய விண்ணரசியார்க்கு

பூதலூர் பெற்றெடுத்த பொன்மனப் பெருமாட்டியே! புதாற்றங்கரைக் கல்லூரியின் புலமைப் பேரொளியே! கரும்பலகை நிறையக் கணக்கெழுதிக் கை கடுத்தபோதும் கடைசி வரிவரை கண் சோராத கடமைத் திருவே! மாணவர் மனத்தில் மாறாத மதிப்பும், மன்றத்தார் நெஞ்சில் மறையாத மாண்பும் பெற்ற மங்கையர் திலகமே! இயற்பியல் துறையின் இணைப் பேராசிரியர், முனைவர் விண்ணரசி அம்மையீர், தங்களுக்கு எங்கள் தலைதாழ்ந்த வணக்கம்.

இதே நடையில் இன்னும் நான்கு பத்தி எழுதி, சட்டமிட்டு, கண்ணாடி போட்டுக் கையில் தருவதே இத்தகைய பணிநிறைவு விழாக்களின் மரபு. அவ்வாறே எழுதியும் வைத்திருந்தோம். இரண்டு வாரங்களுக்கு முன் எங்கள் துறைத்தலைவர் முனைவர் ஹமீதா பானு அதை அம்மையாரிடம் படித்துக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே முழுவதையும் கேட்ட அம்மையார், "யாருக்கு வேணாலும் பொருந்துமே இது. பேரை மாத்தி அடுத்த வருஷமும் படிக்கலாம். நடந்ததை எழுதுங்கம்மா, போதும்," என்றார்.

ஆகவே, அம்மையாரை நோக்கித் 'தாங்கள், தாங்கள்' என்று விளிப்பதைச் சற்றே நிறுத்திவைத்து, அவரை மேடையில் அமர்த்திக்கொண்டு, நடந்ததைச் சபையோராகிய உங்களிடம் சொல்லத் துணிந்தோம். இதில் வரும் இன்னொருவர் பெயரைச் சொல்லலாமா என்று அவருக்கும் எழுதிக் கேட்டோம். "சொல்லுங்க, ஊர் பேரையும் சேத்தே சொல்லுங்க," என்று அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது.

பூதலூர் ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்த மிக்கேல்ராஜ் அவர்களின் மூத்த மகள் விண்ணரசி, இக்கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தது 1985 ஜூலை முதல் தேதி. இன்று 2018 மே 31. ஒரு மாதம் குறைய முப்பத்துமூன்று ஆண்டுகள். அவர் முன்னிலையில் எண்ணைச் சரியாகச் சொல்லிவிடுவதே நமக்கு நல்லது. அத்தனை ஆண்டும் திருச்சியிலிருந்து வரும் காலை பாசஞ்சரில் பூதலூரில் ஏறி, சீசன் டிக்கெட்டோடு தஞ்சாவூரில் இறங்கியவர். கணவர் ஜெக்கரியா எலெக்ட்ரீஷியனாக மஸ்கட்டுக்குப் போன பிறகும் பிறந்த ஊரை விட்டு அவர் வீடு மாற்றவில்லை.

அவர் சேர்ந்தபோது துறையில் ஒன்பது பேர். இயற்பியல் வகுப்பில் நாற்பது இடங்களும் நிரம்பி, சிபாரிசுக் கடிதங்கள் தனியே ஒரு கோப்பில் காத்திருந்த காலம் அது. நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறிய செய்தியைப் பத்திரிகையில் எல்லோரும் படித்தோம். ஆனால் எங்கள் கல்லூரிக்கு அது ஓர் ஏ.சி. பெட்டியாகத்தான் வந்து சேர்ந்தது. 1995இல் எம்.சி.ஏ. வகுப்பு தொடங்கி, பத்துக் கணிப்பொறிகள் வந்தன. முதல்வர் அறையில்கூட மின்விசிறிதான். கணிப்பொறி அறைக்கு மட்டும் ஏ.சி. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். சாவி, ஆய்வக உதவியாளர் செல்லதுரையின் இடுப்பில்.

அதன் பிறகு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். வேதியியலில் ஒருவர் பெங்களூருக்கு, கணிதத்தில் இருவர் சிங்கப்பூருக்கு, எங்கள் துறையில் ஒருவர் பின் ஒருவராக நால்வர். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் உலகத்துக் கணிப்பொறிகளெல்லாம் தேதி குழம்பி நிற்கும் என்று பேச்சு எழுந்தபோது, ஒளியியல் நடத்தியவர்கூட மூன்று மாதப் பயிற்சி எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். ஒவ்வொரு வழியனுப்பலுக்கும் அதே ஆசிரியர் அறை, அதே அல்வா, அதே காராபூந்தி. மாலை போட்டவர்களே அடுத்த ஆண்டு மாலை வாங்கிக்கொண்டார்கள். நாற்பது இடங்களில் பதினேழு பேர் மட்டும் சேர்ந்த ஆண்டும் வந்தது. அந்தப் பதினேழு பேருக்கும் விண்ணரசியார் முன்போல் முழு மணி நேரம் நடத்தினார்.

அவரைப் பிடித்து நிறுத்தியது என்ன என்று கேட்டால், ஒரு படம் என்பார். 1996 கோடை விடுமுறையில் சென்னையில் ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் அதைக் காட்டினார்கள். கண்ணாடித் துண்டின் மீது இரண்டு மெல்லிய உலோகப் பட்டைகள். மேலே ஒரு சொட்டு உப்புநீர். நீர் எப்பக்கம் போகிறது என்று காட்ட அதில் மிதக்கும் நுண்மணிகள். பட்டைகளுக்கு மாறுதிசை மின்சாரம் கொடுக்கிறார்கள். நொடிக்கு ஆயிரம் முறை முன்னும் பின்னும் மாறுகிற மின்சாரம், மணிகளை நின்ற இடத்தில் நடுங்கத்தானே வைக்க வேண்டும்? மணிகளோ ஒரே பக்கமாக ஊர்ந்து, பட்டையின் மேல் எழுந்து, சுழன்று, மறுபடி வந்துகொண்டே இருந்தன.

காரணத்தை அவர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். உப்பு நீரில் கரைந்ததும் நேர், எதிர் என்று இரண்டு வகைத் துகள்களாகப் பிரிகிறது. பட்டை நேர்மின் பெற்றால் எதிர்த்துகள்கள் அதன் மேல் வந்து கூட்டம் சேரும். பட்டையை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு மின்விசை அந்தக் கூட்டத்தைத் தள்ளும். கூட்டம் நகர்கையில் நீரையும் இழுத்துக்கொண்டு போகும். மின்சாரம் திசை மாறினால் என்ன ஆகும்? கூட்டத்தின் வகையும் மாறும், தள்ளுகிற விசையும் மாறும். இரண்டும் சேர்ந்து மாறுவதால் நீர் போகும் பக்கம் மட்டும் மாறாது. ஒரு பட்டை குறுகியதாகவும் மற்றது அகன்றதாகவும் இருந்தால் நீர் முழுவதுமே ஒரு பக்கமாக நகரும். சுற்றும் சக்கரமில்லை, அசையும் பாகமில்லை. ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லுக்குள் இழுத்துச் சென்று சோதிக்கப் போதுமான ஒரு பம்ப்.

தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அகலத்தில் தங்கப் பட்டை போட எங்கள் கல்லூரியில் வசதியில்லை. விண்ணரசியார் வசதியை எண்ணி ஏங்காமல், தங்கமும் கண்ணாடியும் இல்லாத இடத்தில் கணக்கைக் கொண்டே ஒரு சோதனைச்சாலை கட்டுவது என்று முடிவு செய்தார். துகள்களுக்கு ஒரு சமன்பாடு, மின்புலத்துக்கு ஒன்று, நீருக்கு ஒன்று. மூன்றையும் ஒன்றாகத் தீர்க்கும் சிமுலேஷன். அதுவே அவருடைய பிஎச்.டி. ஆய்வாகவும் ஆயிற்று.

அந்த ஆண்டுதான் வலங்கைமானிலிருந்து சூர்யபிரகாஷ் எங்கள் துறைக்கு விரிவுரையாளராக வந்து சேர்ந்தார். வயது இருபத்துநான்கு. நிலம் வைத்துப் பயிர் செய்யும் வைத்தியலிங்கம் அவர்களின் ஒரே மகன். வந்தவர் அத்தனை பேரும் வெளியே போகும் வழி கேட்டுக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் விண்ணரசியாரின் மேஜையில் கிடந்த தாள்களைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். சமன்பாடு எழுதுவது அம்மையார், அதை ஃபோர்ட்ரானில் புரோகிராமாக்குவது சூர்யபிரகாஷ் என்று ஆயிற்று. நீர் இருக்கும் இடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போட வேண்டும். அந்தக் கட்டங்களுக்கு அவர் வைத்த பெயர் பாத்தி. எத்தனை பாத்தி, எந்த இடத்தில் பெரிய பாத்தி, எந்த இடத்தில் சின்னப் பாத்தி என்று இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்ட எம்.சி.ஏ. மாணவர்கள், இயற்பியல் துறையில் கீரை போடுகிறார்கள் என்று பரப்பினார்கள்.

எம்.சி.ஏ. வகுப்பு இல்லாத நேரம்தான் இவர்களுக்கு. பிற்பகல் மூன்றரைக்கு மேலும், சனிக்கிழமை முற்பகலும். மின்சாரம் போனால் யு.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும். அதற்குள் அதுவரை வந்த விடையை ஃபிளாப்பியில் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மூன்று நாள் வேலை போய்விடும். விளக்கு அணைந்தால் செல்லதுரை எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்து துறை வாசலில் நின்று, "மேடம், தண்ணி நிக்கப்போகுது," என்பார். அச்சுப்பொறி இரைச்சலோடு தாள் தாளாகச் சின்னச் சின்ன அம்புக்குறிகளை அடித்துத் தள்ளும். ஒவ்வோர் அம்பும் அந்த இடத்தில் நீர் போகும் திசை. தாள்களைத் தரையில் பரப்பி ஒட்டி, முழங்காலிட்டு இருவரும் பார்ப்பார்கள். அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் விண்ணரசியார், "டீ ஆறிப்போறது தெரியாது. அப்படி ஒரு வேலை மறுபடி வாய்க்கல," என்பார்.

1999 அக்டோபரில் அம்புகள் திரும்பின. மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் கூட்டிக்கொண்டே போனபோது ஓர் அளவுக்கு மேல் நீர் எதிர்ப்பக்கம் ஓடுவதாக விடை வந்தது. நூல்களில் இருந்த கோட்பாடு அப்படிச் சொல்லவில்லை. புதிதாக ஒன்றைக் கண்டோம் என்று இருவரும் நம்பினார்கள். அடுத்த ஏப்ரலில் ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் கட்டுரை வந்தது. அதன் தலைப்புக்குக் கீழே தஞ்சாவூர் என்று அச்சாகியிருந்தது. ஒருவரும் ஊரை விட்டுப் போகாமலே ஆசிரியர் அறையில் அல்வா கொடுத்தது அன்றுதான்.

செப்டம்பரில் அம்மையார் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். நவம்பரில் நெதர்லாந்திலிருந்து ஒரு பேராசிரியர் எழுதினார். அவருடைய சோதனைச்சாலையில் உண்மையான நீர், உண்மையான பட்டைகளின் மேல், அதேபோல் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. காரணம் தெரியாமல் தவித்தபோது இக்கட்டுரை கிடைத்தது. இதைச் செய்தவர்களில் ஒருவர் வந்து தம்மோடு பணியாற்ற முடியுமா? விண்ணரசியார் தாம் போவதற்கில்லை என்றார். சூர்யபிரகாஷுக்கு ஆராய்ச்சி இடம் உறுதியாயிற்று. பொங்கல் கழித்துப் புறப்பட வேண்டும். கடல் கடந்து இயற்பியலுக்காகவே போகும் முதல் ஆள் இவர்தான் என்று துறையே பூரித்துப்போனது.

அந்த டிசம்பரில் கணிப்பொறி அறைக்கு நினைவகம் கூடிய புதிய இயந்திரங்கள் வந்தன. பழையவற்றில் பாத்திகளை ஓர் அளவுக்கு மேல் சிறிதாக்க முடிந்ததில்லை. பட்டையை ஒட்டித் துகள்கள் கூட்டம் சேரும் அடுக்கோ மிக மிக மெல்லியது. விண்ணரசியார் அந்த இடத்தில் பாத்திகளை நான்கில் ஒன்றாகச் சிறிதாக்கி ஓட்டிப் பார்த்தார். அம்புகள் திரும்பவில்லை. நீர் பழைய பக்கமே போனது. தட்டச்சுப் பிழையோ என்று வரிவரியாகப் பார்த்து மறுபடி ஓட்டினார். பாத்திகளை இன்னும் பாதியாக்கி மூன்றாம் முறை ஓட்டினார். திரும்பவில்லை. ஓராண்டுக்கு மேலாக அவர்கள் கண்ட எதிர்ச்சுழல் நீரில் இல்லை. பெரிய பாத்தியின் கோளாறு அது. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை.

அன்று பிற்பகலே சூர்யபிரகாஷை அழைத்துத் தாள்களைக் காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்தார். துறைக்குள் மேடம் என்று அழைப்பவர், தனியே இருந்தால் அக்கா என்பார்.

"அக்கா, அங்க நிஜமாவே தண்ணி திரும்புதுல்ல? அவங்க கண்ணால பாத்திருக்காங்க. அப்புறம் என்ன?"

"தண்ணி திரும்புது தம்பி. அது ஏன்னு நமக்குத் தெரியாது. தெரியும்னு அச்சுப் போட்டுட்டோம்."

"ஒரு ஆறு மாசம் பொறுங்க. நான் அங்க போயி உக்காந்துக்கிறேன். சரியான காரணத்தைக் கண்டுபிடிச்சு நானே எழுதிடுறேன்."

அம்மையார் பதில் சொல்லவில்லை. சூர்யபிரகாஷ் தாள்களை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். மாலையில் ரயிலடிக்குப் போகும் வழியில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மஸ்கட்டுக்குப் பேசினார் விண்ணரசியார். எல்லாவற்றையும் கேட்ட ஜெக்கரியா, "நீ முடிவு பண்ணிட்டுத்தான் எனக்கு போன் போடுவ," என்று மட்டும் சொன்னாராம்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஆய்விதழுக்கு அவர் கடிதம் எழுதினார். பிழை எது, எப்படித் தெரிந்தது என்று ஒரே பக்கம். ஆய்வேட்டையும் திரும்பப் பெற்றார். அவ்வளவுக்கு என்ன அவசியம், உலகம் கேட்கவா போகிறது என்று அன்றைய முதல்வர் கேட்டதற்கு, உலகம் கேட்காது, ஆனால் நெதர்லாந்தில் ஒரு மாணவர் அந்தத் தாளை நம்பி நான்கு வருடம் உட்காருவார் என்று பதில் சொன்னதாகத் துறைக்குள் ஒரு பேச்சு உண்டு. அப்படியெல்லாம் பேசவில்லை, வெறுமனே நின்றேன் என்கிறார் அம்மையார்.

சூர்யபிரகாஷ் ஜனவரியில் புறப்பட்டுப் போனார். அங்கே பேராசிரியரிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. மார்ச்சில் ஆய்விதழில் அறிவிப்பு வந்தது. பேராசிரியர் அவரை அழைத்து, இது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் இவர். பிழைக்காக அல்ல, பேசாமல் இருந்ததற்காக அந்த இடம் ஓராண்டோடு முடிந்தது. அங்கிருந்து நியூ ஜெர்சியில் இருந்த நண்பரிடம் போய் மென்பொருள் வேலையில் அமர்ந்தார். அம்மையாருக்கு ஒரு வரி எழுதவில்லை.

2002 ஆடியில் வைத்தியலிங்கம் அவர்கள் வலங்கைமானிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. அந்த ஆண்டு காவிரியில் தண்ணீர் வரவில்லை. குறுவை போடாமல் வயல்கள் வெடித்துக் கிடந்தன. விண்ணரசியார் எழுந்து நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

"எம்புள்ள வேலைய நீங்க கெடுத்துட்டீங்கன்னு கடைசிக் கடுதாசில எழுதியிருந்தான். கணக்கு வழக்கெல்லாம் எனக்கு வேணாம்மா. படிப்புக்காகப் போனவன் இப்ப எங்கயோ கம்பெனில உக்காந்திருக்கான். வீட்டுக்குக் கடுதாசி போடுறதில்ல. அதுக்கு வழி சொல்லுங்க."

விண்ணரசியார் வாங்கி வரச் சொன்ன டீயைக் குடிக்காமலே பெரியவர் படியிறங்கிப் போனார். அன்று இரண்டாம் வகுப்பை அம்மையார் எடுக்கவில்லை. பணிப் பதிவேட்டில் விடுப்பாகவோ தாமதமாகவோ அது பதியப்படவில்லை; பார்த்த எங்களில் இருவருக்கு மட்டும் தெரியும்.

அடுத்த ஜனவரி முதல் ஆண்டுக்கொரு முறை அவர் சூர்யபிரகாஷுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். நலம் விசாரிப்பு இரண்டு வரி. அப்பாவுக்கு எழுதும்படி ஒரு வரி. பிறகு அந்த ஆண்டு சிமுலேஷன் எந்த நிலையில் இருக்கிறது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தார், எதுவும் நீரைத் திருப்பவில்லை என்று ஒரு பக்கம், கூடவே அம்புக்குறித் தாள் ஒன்று. ஐந்து கடிதங்களுக்குப் பதில் இல்லை. தந்தைக்கு மட்டும் இரண்டாம் ஆண்டிலிருந்து மகனின் கடிதம் போயிற்று என்று பிற்பாடு தெரிந்தது.

இதற்கிடையே இவரிடம் படித்தவர்கள் முனைவராகி இவருக்கு முன்னால் பதவி உயர்வு பெற்றார்கள். துறைத்தலைமை இவரைத் தாண்டிப் போனது. இப்போதைய தலைவர் ஹமீதா பானுவே இவர் மாணவிதான். மனத்தாங்கல் காட்டிய ஒரு நாளை எங்களால் நினைவுகூர முடியவில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் தம் பெயருக்கு முன் இருக்கும் வெற்றிடத்தை அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவதைச் சிலர் பார்த்திருக்கிறோம்.

2008 பிப்ரவரியில் ஆறாம் கடிதத்துக்குப் பதில் வந்தது, மின்னஞ்சலில். அன்புள்ள என்ற விளி இல்லை, நலம் இல்லை. அம்மையார் அதை அச்செடுத்து வைத்திருக்கிறார். எழுதியவர் இசைவோடு இங்கே தருகிறோம்:

"நூத்தி நாப்பதாவது வரியைப் பாருங்க. துகளுக்கு உருவமே இல்லாத மாதிரி பட்டை மேல கூட்டத்தைச் சேத்துக்கிட்டே போறீங்க. பொங்கலுக்கு மொத நாள் தஞ்சாவூர்லேருந்து வலங்கைமான் போற பஸ்ல எத்தனை பேர் ஏறுவாங்க? ஒரு அளவுக்கு மேல ஏற முடியாதுல்ல. துகளுக்கும் அங்க இடம் வேணும்."

விண்ணரசியார் அதைப் படித்தபோது தேர்வு மேற்பார்வைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கையில் விடைத்தாள் கட்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று செல்லதுரை சொல்கிறார்.

துகள்களுக்கு உருவம் கொடுத்துப் புரோகிராமை மாற்றி எழுத ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. வரிகள் மின்னஞ்சலில் பூதலூருக்கும் நியூ ஜெர்சிக்குமாகப் போய் வந்தன. 2009 ஜூலையில், பட்டையின் மேல் கூட்டம் நிரம்பி வழிந்து இடமில்லாமல் போன அந்த அளவில், அம்புகள் திரும்பின. பாத்தியைப் பாதியாக்கினார்கள், திரும்பின. கால்வாசியாக்கினார்கள்; திரும்பின. ஆனால் நீரின் வேகம் சோதனையில் கண்டதில் நான்கில் ஒரு பங்குதான் வந்தது. அதையும் கட்டுரையில் மறைக்காமல் எழுதினார்கள். அதே காலத்தில் வேறு நாடுகளிலும் சிலர் இவ்வழியில் சிந்தித்திருந்தனர். முதலில் கண்டவர் என்ற பெயர் நம்மவர்க்கு இல்லை. கட்டுரையில் சூர்யபிரகாஷ் பெயர் முதலாவதாகவும் விண்ணரசி பெயர் இரண்டாவதாகவும் இருந்தது. 2010இல், தம் ஐம்பதாம் வயதில், அம்மையார் முனைவரானார்.

அதற்கடுத்த ஆண்டு தந்தையைப் பார்க்க வந்த சூர்யபிரகாஷ் ஒரு நாள் துறைக்கு வந்தார். தலையில் நரை, கூடவே சிறு மகள் பூர்ணிமா. துறையே எழுந்து நின்று என்ன பேசுவார்களோ என்று பார்த்தது. அவர் நாற்காலியை அம்மையார் மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னும் நாலுல ஒரு பங்குதான் வருதாக்கா?" என்று கேட்டார். "அவ்வளவுதான் வருது தம்பி," என்றார் இவர். பிறகு பிற்பகல் முழுவதும் இருவரும் தாளில் தலை கவிழ்ந்து இருந்தார்கள்.

இவ்வளவையும் எழுதி, பிழையை உணர்ந்த அன்றே கடிதத்தைத் தபாலில் சேர்த்த நேர்மைச் செல்வி என்று முடித்து, சென்ற செவ்வாயன்று ஹமீதா பானு மறுபடி படித்துக் காட்டினார். அன்றே சேர்த்தார் என்றுதான் நாங்கள் அனைவரும் இத்தனை ஆண்டும் நம்பியிருந்தோம்.

அம்மையார் கை காட்டி நிறுத்தினார்.

"அன்னிக்கே எழுதினேன். அன்னிக்கே போடலை. பதினோரு நாள் மேஜைக்குள்ள வச்சிருந்தேன்."

பிறகு அவராகவே சொன்னார். அந்தப் பதினோரு நாளில் இரண்டு தடவை பழைய பெரிய பாத்தியோடு புரோகிராமை ஓட்டிப் பார்த்ததாகவும், பொய் என்று தெரிந்தும் அந்தச் சுழல் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்ததாகவும் சொன்னார். நடுவில் சூர்யபிரகாஷுக்கு விசா வந்தது. வீடு தேடிப் பூதலூருக்கு இனிப்பு கொண்டுவந்தார்.

"வாங்கிச் சாப்பிட்டேன். நான் ஆறு மாசம் பொறுத்திருப்பேன்னு அவன் நினைச்சுக்கிட்டான். சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அன்னிக்கே சொல்லியிருந்தா அவனே அந்தப் பேராசிரியருக்கு எழுதியிருப்பான். இருபத்திமூணாந்தேதி சனிக்கிழமை பெரிய தபாலாபீஸ்ல போட்டேன், அவன்கிட்ட சொல்லாம. அவன் பேசாம இருந்தான்னு எழுதியிருக்கீங்க. நானும் பேசாம இருந்தேன்னு எழுதலேன்னா அது சரியில்ல."

இதைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறோம், எல்லோரும் படிப்பார்களே என்றார் ஹமீதா பானு.

"அதனாலதான் சொல்றேன்."

எழுதிவிட்டோம், அம்மையீர். விளிப்பதை இனி மீண்டும் தொடங்க விடை தருக.

பதினேழு பேர்க்கும் பழுதின்றிப் பாடம் பகன்ற பண்பின் பெட்டகமே! பதவியும் பட்டமும் பத்தாண்டு தள்ளிப்போனபோதும் பதறாத பொறுமையே! தடுமாறிய நாட்களையும் தம் வாயாலேயே தந்து, தம்மைப் புகழும் மடலிலேயே தம் தவற்றைப் பொறிக்கச் சொன்ன தகைமையே! உடல் நலமும் உள்ள நலமும் ஒருங்கே ஓங்கி, மஸ்கட்டிலிருந்து மீண்ட மணாளரோடும் மக்களோடும் மகிழ்ந்து, காலை பாசஞ்சரைப் பிடிக்க வேண்டாத நிம்மதியான நாட்கள் பல்லாண்டு தங்களுக்கு வாய்க்க, அவரவர் தொழும் இறைவனை அவரவர் வழியில் வேண்டி நிற்கிறோம். அச்சான பின் திருத்தக் கடிதம் எழுதத் தேவைப்படாத மடல் இது என்னும் நம்பிக்கையில் கையொப்பமிடுகிறோம்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்
இயற்பியல் துறைப் பேராசிரியர்கள், ஆய்வக உதவியாளர்கள், அலுவலர்கள்
தஞ்சாவூர்
31 மே 2018